எண்பத்து நான்கு பெட்டிகளின் பிரேக்

பொம்மை ரயிலில் ஒரே குறை, நிறுத்தினால் நின்றுவிடும். குமிழைத் திருப்பினால் போதும், சொன்ன பேச்சுக் கேட்கும் நாய் மாதிரி அங்கேயே உட்கார்ந்துகொள்ளும். நிஜ ரயில் யார் பேச்சையும் கேட்காது. நிலக்கரி ஏற்றிய எண்பத்து நான்கு பெட்டிகளை மலையிறக்கத்தில் நிறுத்த அரை மைல் வேண்டும்.

எங்கள் ஊர் லூத்தரன் தேவாலயத்தின் அடித்தளத்தில் வியாழக்கிழமைதோறும் குட்டி ரயில் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் நிஜ ரயிலில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அவர்களுக்குக் குமிழ் பிடிக்கவில்லை. அதனால் நான் ரயிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு த்ராட்டில் பெட்டி செய்தேன். எட்டுப் படி வேகப் பிடி, இழுத்தால் காற்றுச் சீறும் பிரேக் கைப்பிடி. ரயிலுக்கு எத்தனை பெட்டி, எவ்வளவு பாரம், எத்தனை பெட்டியில் பிரேக் பிடிக்கும் என்று உள்ளே பதிந்துவிட்டால், கையகல இன்ஜின் அந்தப் பாரத்தோடுதான் கிளம்பும், அந்தப் பாரத்தோடுதான் நிற்கும். ஒருவர் அதை வைத்துக்கொண்டு இன்ஜின் சூடாகட்டும் என்று காத்திருந்ததில் அவர் மனைவி வேறு கல்யாணம் செய்துகொண்டாள் என்பார்கள். அதில் பாதிதான் உண்மை.

ரயில் கிளம்புமுன் பிரேக் சோதனையும் உண்டு. கையில் டார்ச்சோடு கடைசிப் பெட்டிவரை குனிந்தபடி நடக்க வேண்டும். எங்கள் குட்டி ரயில் சங்கத் தலைவி டொலோரஸ் கெப்ஹார்ட் கேட்பாள்: "ஏன் க்ளைட், வீட்டுல குப்பையைத் தூக்கச் சொன்னா இடுப்பு வலி. இங்க மட்டும் எப்படிக் குனியுறே?" நான் சிரித்துக்கொண்டே எண்ணுவேன். இங்கே ஒரு பெட்டியைக்கூட நான் விட்டதில்லை.

லெஸ்டர் ஹுடாக் இன்ஜின் ஓட்டுநர். 1979 பிப்ரவரியில், நாங்கள் இருவரும் வேலை பார்த்த ரயில் யார்டிலிருந்து நாலாவது மைலில், கடவுப்பாதையில் தண்டவாளத்தின் மேல் நின்றுபோன ஒரு பால் லாரியை அவன் ஓட்டிய எண்பத்து நான்கு பெட்டி நிலக்கரி ரயில் இடித்தது. லாரிக்குள் ரஸ்ஸல் க்ளார் என்ற இருபத்திரண்டு வயதுப் பையன். வளைவு திரும்பியதும் லாரியைப் பார்த்தேன், பார்த்தவுடன் இழுத்தேன் என்றான் லெஸ்டர். விசாரணையில் பிரேக் எல்லாம் சரி, ஓட்டுநரின் கை தாமதம் என்று எழுதினார்கள். அதன்பின் அவன் இன்ஜினில் ஏறவில்லை. முப்பத்தேழு வருஷம் ஒரே கேள்வியை வைத்துக்கொண்டிருந்தான்.

என் பெட்டியைப் பார்த்ததும் அந்தக் கேள்வியை என்னிடம் கொண்டுவந்தான்.

"க்ளைட், அன்னைக்கு ரயிலை அப்படியே இதுல வைக்க முடியுமாப்பா? நான் பார்த்தவுடனே இழுத்தா நிக்குதான்னு ஒரே ஒரு தடவை பார்த்துடணும்."

"வைக்கலாம்," என்றேன்.

மறுநாள் மத்தியானம் தனியாகப் போய்த் தண்டவாளம் அமைத்தேன். வளைவிலிருந்து கடவுப்பாதைவரை முப்பது அடி; எங்கள் அளவில் அது அரை மைல். எண்பத்து நான்கு பெட்டியிலும் பிரேக் பிடிப்பதாகப் பதிந்து ஓட்டினேன். கடவுப்பாதையில் வைத்த பொம்மை லாரிக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. கொஞ்ச நேரம் அந்த ஒரு சாணைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு எண்பத்து நான்கை அழித்துவிட்டு இருபத்திரண்டு என்று பதிந்தேன்.

இதைப் பொய் என்று சொல்லமாட்டேன். அன்றைக்கு யார்டில் பிரேக் சோதிக்கும் வேலை என்னுடையது. முழங்கால்வரை பனி. இருபத்திரண்டாவது பெட்டிவரை நடந்தேன். கடைசிவரை பார்த்ததாகக் கையெழுத்துப் போட்டேன். அங்கே பிரேக்குக்குக் காற்று போகும் குழாயின் அடைப்பான் மூடியே இருந்திருக்கிறது; அதற்குப் பின்னால் ஒரு பெட்டியிலும் பிரேக் பிடிக்காது. விபத்துச் செய்தி வந்ததும் யார்டிலிருந்து முதலில் போய்ச் சேர்ந்தவன் நான்தான். எல்லோரும் லாரிப் பக்கம் ஓடினார்கள். நான் ரயிலோரமாக நடந்து அந்த அடைப்பானைத் திறந்து வைத்தேன். கையுறையோடு ஒரு கால்வட்டத் திருப்பு, அவ்வளவுதான். ஆகவே என் பெட்டியில் இருந்தது கலப்படமில்லாத நிஜம். அதைவிடத் துல்லியமாக யாரும் செய்துவிட முடியாது.

லெஸ்டர் ஓட்டினான். இழுத்தான். இடித்தது. பத்துத் தடவை இழுத்தான். பத்துத் தடவையும் இடித்தது.

"பிரேக் எல்லாம் ஒழுங்கா வச்சிருக்கியா?"

"அன்னைக்கு இருந்த மாதிரியே வச்சிருக்கேன்."

பிறகு வளைவு முடியுமுன்பே இழுத்துப் பார்த்தான். ஏழு நொடி முன்னால் இழுத்தபோது நின்றது. "அப்போ ஏழு நொடி எங்கேயோ பார்த்துட்டு இருந்திருக்கேன். வளைவிலயே பார்த்திருக்க வேண்டியது," என்றான். அடுத்த வாரம், பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்த மாதிரி ஞாபகம் என்றான். மூன்றாவது வாரம் அந்தக் காபியில் சர்க்கரை அதிகம் என்பதுவரை ஞாபகம் வந்துவிட்டது. விசாரணையில் இந்தக் காபி இல்லை. நான் மறுத்துப் பேசவில்லை. அவனுக்கு ஒரு பதில் கிடைத்திருந்தது. நன்றாகத் தூங்குகிறேன் என்றுகூடச் சொன்னான்.

எல்லாம் தன் கவனக்குறைவுதான் என்று ரஸ்ஸலின் தாய் எட்னா க்ளாருக்கு அவனே கடிதம் எழுதினான். போன வியாழக்கிழமை அந்த அம்மாள் அடித்தளத்துக்கு வந்தார். எண்பத்தைந்து வயது, கையில் தானே சுட்ட 'ஆப்பிள் பை' பலகாரம். படியிறங்கவே கால் மணி ஆயிற்று. லெஸ்டர் எழுந்து நின்றான்.

"உட்காருப்பா," என்றார். "இத்தனை வருஷம் உன்னைத் திட்டாத நாளில்லை. நீயே எழுதி ஒத்துக்கிட்டே பாரு, இனிமே திட்டமாட்டேன்." அவன் தலையைப் பிடித்துத் தன் கோட்டோடு சேர்த்துக்கொண்டார். எழுபத்து நாலு வயது மனிதன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

பிறகு என்னிடம் வந்தார். "நீங்கதான் அந்தப் பெட்டியைச் செஞ்சீங்களாமே. உங்களாலதான் உண்மை தெரிஞ்சுது," என்று முதல் துண்டை எனக்கு வெட்டிக் கொடுத்தார். லவங்கப்பட்டை கொஞ்சம் தூக்கலாக இருந்தது. இரண்டாவது துண்டும் கேட்டு வாங்கினேன்.

அன்றிலிருந்து எனக்குத்தான் தூக்கமில்லை. அந்தப் பையனைக் கொன்றது நான். நியாயமாகப் பார்த்தால் அந்த அம்மாள் கொண்டுவந்த மன்னிப்பு எனக்கு உரியது. லெஸ்டர் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.