காதில் விட்ட தண்ணீர்

“காதுல தண்ணி உட்டது நீயி...”

“உடச் சொல்லிக் கண்ணக் காட்டுனது ஆருங்க?”

“மெதுவாப் பேசு புள்ள. கொழந்த முழிச்சுக்கும்.”

“அப்பவும் முழிச்சுத்தானுங்க இருந்தா. பாத்துக்கிட்டே இருந்தா...”

விளக்கு வைக்கும் நேரம். திருச்செங்கோட்டுக்குத் தெற்கே ஓர் இட்டேரி... இரண்டு பக்கமும் ஆள் உயரக் கிளுவை வேலி, நடுவில் ஒற்றை வண்டித் தடம். முன்னாலும் ஆளில்லை, பின்னாலும் ஆளில்லை. இப்படிச் சண்டை போட்டுக்கொண்டு நடந்தது என் சிநேகிதி ராசம்மாளின் நாத்தனார் சாரதாமணியும் அவள் புருஷன் கந்தப்பனும். நாலு வயது மகள் அத்தாயி அப்பன் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுபத்தொன்பதாம் வருஷம், கருப்பனார் கோயில் பொங்கல்.

முந்தின வருஷம் அத்தாயிக்குக் காய்ச்சல் கண்டு, வைத்தியர் கைவிட்டுவிட்டார். “எம்புள்ளையக் குடு சாமி, கெடா தாரேன்” என்று சாரதாமணி வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. நேர்ந்துவிட்ட குட்டியும் அவள் கையில் பொரி தின்றே வளர்ந்தது.

நம் பக்கத்து வழக்கம் தெரியுமே. கிடாயின் முதுகில் மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு, எல்லாரும் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அது தானாக உடம்பை உதறித் துளுக்க வேண்டும். துளுக்கினால் சம்மதம். அப்புறம்தான் அருவாள்.

அன்றைக்கு அது துளுக்கவில்லை. தெளித்தார்கள்... நின்றது. குடத்தோடு ஊற்றினார்கள்... நின்றது. சாரதாமணியையே பார்த்துக்கொண்டு நின்றது.

பங்காளி சின்னண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டான். “ஊட்டுல என்னமோ குத்தமுங்க. நமக்குத் தெரியாதது கெடாவுக்குத் தெரியுது.”

யாரோ சிரித்தார்கள். சாரதாமணிக்கு முகம் எரிந்தது. கந்தப்பன் அவளுக்குக் கண்ணைக் காட்டினான். மாலையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தவள், நனைந்த முந்தானையை அதன் காதுக்குள் பிழிந்துவிட்டாள். காதில் தண்ணீர் போனால் எந்த ஆடும் சும்மா நிற்காது. பட... பட... படவென்று உதறியது.

“துளுக்கிருச்சு!” என்று கூட்டம் கத்தியது. கொட்டு முழங்கியது. அருவாள் இறங்கியது.

அந்தக் கறியை வாயில் வைக்க இவர்களுக்கு மனசு வரவில்லை. பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டுப் பந்தியில் உட்காராமலே கிளம்பி வந்துவிட்டார்கள்.

“திரும்பிப் போலாங்க. பூசாரி கால்ல உழுந்து சொல்லிப்போடலாம்.”

“அத்தன பேரு முன்னாலயா? சின்னண்ணன் காலத்துக்கும் சொல்லிக்காட்டுவான். காத்தால நானே போயித் தனியாச் சொல்லிக்கறேன்.”

உள்ளூரச் சாரதாமணிக்கும் அதுதான் வேண்டியிருந்தது. இந்த இடத்தைச் சொல்லும்போது மட்டும் அவள் ராசம்மாளின் முகத்தைப் பார்க்கவே மாட்டாளாம்.

அந்த ஜன்னலை யாராவது சாத்துங்களேன்... ம்.

பின்னால், பட. பட. பட.

ஈரக் காது தலையில் அடிக்கிற சத்தம்.

கந்தப்பன் திரும்பினான். தடத்தில் ஒன்றுமில்லை. தூரத்தில் கோயில் மைக்செட்டில் பாட்டு... அவ்வளவுதான். இன்னும் கொஞ்சம் நடந்தார்கள். இப்போது வாடை வந்தது. நனைந்த ஆட்டு மயிரும் மஞ்சளும் கலந்த வாடை.

“ஏனுங்க, உங்க சட்டையெல்லாம் ஈரமாட்ட இருக்குது.”

“வேர்வ.”

“வேர்வ மஞ்சளாவுங்களா?”

அத்தாயியின் காதிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு... சொட்டு... நிற்காமல்.

சாரதாமணி பிள்ளையை வாங்கித் தடத்தில் நிறுத்தினாள். கண் திறந்திருந்தது. இமைகூட ஆடவில்லை. தாயையே பார்த்துக்கொண்டு நின்றது.

“போலாங்க... இப்பவே போலாங்க...” என்றாள். கோயில் பக்கம் சின்னண்ணனின் சிரிப்பு பெரிதாகக் கேட்டது. கந்தப்பன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் காலும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

வேலிக்கு அந்தப்புறம் யாரோ கல்லில் அருவாள் தீட்டினார்கள். சரக்... சரக்... அப்புறம் அதுவும் நின்றது. காத்திருக்கிற மாதிரி.

பிள்ளை வாயைத் திறந்தது.

“கேக்கறாங்கம்மா... நான் துளுக்கட்டுங்களா?”