வள்ளியூரில் இல்லாத வெயில்

"வெயிலப் பாக்கதுக்கு பிளேன் ஏறி வரணுமாக்கும்? வள்ளியூர்ல இல்லாத வெயிலாட்டி?"

வள்ளியூரிலிருந்து திருநெல்வேலிக்கு வந்த பேருந்தில் என் முன் இருக்கைக்காரர் மனைவியிடம் எரிந்து விழுந்தார். வளைகுடா நாட்டில் வேலை பார்ப்பவர், ஒரு மாத விடுப்பில் வந்திருக்கிறார் என்பது பேச்சிலேயே தெரிந்தது.

"முழுப்பரீட்ச லீவுக்கு பிள்ளையளக் கூட்டிக்கிட்டு நான் அங்கன வாரேன். அதுகளுக்கு ஒட்டகத்துல ஏறணுமாம், மணல்ல கார்ல போணுமாம்."

"பன்னெண்டு வருசமா அந்த மணலத் தின்னுட்டு, ஆத்துல விழுந்து குளிக்கணும்னு ஓடி வாரேன். அதப் போயி வேடிக்க பாக்கணுங்கியே!"

"நல்ல ஊருன்னு நீங்கதான சொன்னிய? தனி ரூமு, ஏசி, ஒரு கொறையும் இல்லன்னு?"

"சொன்னா, உடனே பொட்டியக் கெட்டிருவியா? மே மாசம் மனுசன் நிப்பானாட்டி அங்கன?"

அந்த அம்மாவுக்கும் கோபம் ஏறிவிட்டது.

"நான் ஒண்ணும் ஒட்டகம் பாக்க வரல. வெள்ளிக்கிழம வீடியோவுல வரும்போதெல்லாம் அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையத்தான் போட்டிருக்கிய. எதுத்த வீட்டு செல்வி புருசன் உங்க கம்பெனிலதான இருக்காரு? அவரும் அதே சட்டையிலதான் பேசுதாரு. பையில அதே மைக்கறை! அந்த ஒத்தச் சட்டைய எத்தன பேரு மாத்தி மாத்திப் போடுதிய? மொதல்ல அதச் சொல்லுங்க!"

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்த்தபடியே குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"எட்டு பேரு."