தேவாரம் என்று பதிந்து வைத்த எண்

என் பெயர் தவமணி. காலமான ஐயாத்துரையின் மனைவி. வயது அறுபத்தொன்று. ஓய்வு பெற்ற பள்ளி அலுவலகக் கிளார்க். ஜார்ஜ்டவுன், டத்தோ கிராமாட்டில் என் மகன் ஸ்ரீகரனின் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறேன். என்னைக் காணவில்லை என்றும், பெயர் சொல்ல மறுத்த ஓர் ஆண் என்னை ஏமாற்றி வரவழைத்திருக்கலாம் என்றும் என் மகன் இன்று மத்தியானம் கொடுத்த புகார் தொடர்பாக இதைச் சொல்கிறேன். நான் தமிழில் சொல்ல, போலீஸ் சார்ஜன் பிரமிளா எழுதிக்கொள்கிறார். எனக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்பதை முதலிலேயே எழுதச் சொன்னேன்.

சென்ற ஆண்டு நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்றேன். அதன் பின்பு சில வாரங்களில் என் கணவர் சுங்கை பாக்காப்பில் எங்கள் வீட்டில் மாரடைப்பால் இறந்தார். அதன் பின்பு மகன் என்னை இங்கே அழைத்து வந்தான். வேலை, கணவர், வீடு மூன்றும் ஒரே வருடத்தில் போயின. இங்கே வந்த பின்பும் போன் அடித்தால் எடுத்து "ஸ்கூல் ஆபீஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மகனும் மருமகள் துஷ்யந்தியும் என்னைத் தங்கமாகப் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் குறை அதில்தான். என் முன்னால் என் கணவர் பெயரையே எடுக்க மாட்டார்கள். டிவியில் பேட்மின்டன் வந்தால் உடனே சேனலை மாற்றுவார்கள், ஏனென்றால் அவர் பேட்மின்டன் பார்த்தால் அடுத்த வீடு வரைக்கும் கேட்கக் கத்துவார். அவரைப் பற்றி யாரும் பேசாத வீட்டில் எனக்கு மூச்சு முட்டியது.

அதன் பின்பு, தூக்கம் வரவில்லை என்று கிளினிக்குக்குப் போனபோது, வாழ்க்கை இப்படித் தலைகீழாக மாறியவர்களுக்கு வீடியோவில் பேசும் கவுன்சலர்கள் இருக்கிறார்கள் என்று டாக்டர் சொன்னார். அப்படிக் கிடைத்தவர்தான் கோலாலம்பூரில் இருக்கும் திரு. ஹாரிஸ். வியாழக்கிழமை மத்தியானம், வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில், அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு பேசுவேன். முதல் வாரம் அழுததைத் தவிர நான் வேறொன்றும் செய்யவில்லை. அவர் அழாதீர்கள் என்று சொல்லவில்லை. என் கணவர் இறந்த பிறகு அப்படிச் சொல்லாத முதல் ஆள் அவர்தான். அடுத்த வாரம், உங்கள் கணவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டார். கோபக்காரர், மீனில் முள் எடுக்கத் தெரியாதவர், கடைசி வரைக்கும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன் என்று ஆரம்பித்து, நேரம் முடியும் வரை பேசினேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

ஒரு வியாழக்கிழமை துஷ்யந்தி சீக்கிரம் வந்து கதவைத் தட்டி, யாரோடு பேசுகிறீர்கள் என்று கேட்டாள். கவுன்சலர் என்று சொன்னால், அத்தைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைப்பாளே என்று பயந்து, வாயில் வந்ததைச் சொன்னேன். வந்தது, ஆன்லைன் தேவார வகுப்பு. சந்தேகம் வராமல் இருக்க அவருடைய எண்ணையும் போனில் "தேவாரம்" என்றே மாற்றிப் பதிந்தேன். என் மகனுக்கு ஒரே சந்தோஷம். நல்ல ஹெட்போன் வாங்கிக் கொடுத்ததோடு சொந்தக்காரர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டான்.

அதன் பின்பு நடந்ததுதான் வினை. வருகிற ஞாயிற்றுக்கிழமை என் கணவரின் ஆண்டுத் திவசம். அவர் படத்துக்கு முன்னால் அம்மா தேவாரம் பாடுவார் என்று என் மகன் எல்லாரையும் அழைத்திருக்கிறான். நான் பள்ளியில் தேசிய கீதத்துக்கே வாயை மட்டும் அசைத்தவள். திரு. ஹாரிஸிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டு, சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டு, உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்று கேட்டார். அதைவிடப் பாடக் கற்றுக்கொள்வது சுலபம் என்றேன்.

ஆகவே இன்று வியாழக்கிழமை காலை, மகனும் மருமகளும் வேலைக்குப் போன பின்பு, நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு, பெர்ரிப் படகில் பட்டர்வொர்த் போய், அங்கிருந்து பஸ்ஸில் சுங்கை பாக்காப் போனேன். அங்கே கோயிலில் பாடும் ஜெயலெட்சுமி என் பழைய பக்கத்து வீட்டுக்காரி. போனை வீட்டில் சார்ஜில் போட்டதை அப்படியே மறந்துவிட்டேன். திரு. ஹாரிஸோடு பேச மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் ஜெயலெட்சுமி விடவில்லை. "அக்கா, நீங்க பாடுறீங்களா, இல்ல அட்டெண்டன்ஸ் எடுக்குறீங்களா லா?" என்று கேட்டுக் கேட்டு, இரண்டு பாட்டு ஒப்பேறும் வரை உட்கார வைத்தாள்.

இதற்குள் வீட்டில் நடந்ததை என் மகன் சொல்லித் தெரிந்துகொண்டேன். அவன் ஏதோ எடுக்க மத்தியானம் வீட்டுக்கு வந்திருக்கிறான். என்னைக் காணோம். கட்டிலில் போன் அடித்தது, தேவாரம் என்று பெயர் தெரிந்தது. ஆசிரியரையே கேட்கலாம் என்று எடுத்து, அம்மா எங்கே, நீங்கள்தான் தேவார ஆசிரியரா என்று கேட்டிருக்கிறான். எதிர்முனையில் ஓர் ஆண் குரல், நான் யார் என்றோ உங்கள் அம்மாவை எனக்குத் தெரியுமா என்றோ சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் மரியாதையாகச் சொல்லியிருக்கிறது. பேச வருகிறவர்களைப் பற்றி யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்பது அவர்கள் தொழில் தர்மம். என் மகனுக்கு அது தெரியாது. அவன் என் போனில் இருந்த செய்திகளைப் படித்திருக்கிறான். சென்ற வாரம் நீங்கள் மனம் விட்டு அழுதது நல்லது, நாம் பேசுவது நம் இருவருக்குள் இருக்கும், வியாழக்கிழமை கதவைப் பூட்டிக்கொள்ளுங்கள் என்று இருந்தது. இதைப் படித்தால் எந்த மகனுக்கும் ரத்தம் கொதிக்கும். அதன் பின்பு அலமாரியைத் திறந்து, நல்ல சேலையைக் காணாமல், என் போனையும் எடுத்துக்கொண்டு நேராகப் போலீஸ் நிலையத்துக்கு ஓடியிருக்கிறான்.

நான் மாலையில் திரும்பியபோது வீட்டுக்குக் கீழே போலீஸ் கார் நின்றது. மகன் செருப்பில்லாமல் ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"அம்மா, அவன் உங்கள என்ன செஞ்சான்?"

"யாருடா?"

"அந்தத் தேவாரம்!"

அதன் பின்பு எல்லாரும் நிலையத்துக்கு வந்தோம். அந்த எண்ணுக்கு உரியவரைத் தேடச் சொல்லியிருப்பதாகவும், ஆளைப் பிடித்துவிடலாம் என்றும் இன்ஸ்பெக்டர் நூருல் சொன்னார். வாயைத் திறந்தால் என் மானம் போகும், மூடிக்கொண்டால் ஒரு நல்ல மனிதரின் பிழைப்பு போகும். மகனும் மருமகளும் பக்கத்தில் நிற்கும்போதே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அதன் பின்பு இன்ஸ்பெக்டர் எல்லாரும் கேட்கும்படி அந்த எண்ணை அழைத்தார். போலீஸ் என்று சொல்லியும் திரு. ஹாரிஸ் அதே பதிலைத்தான் சொன்னார். நான் குறுக்கிட்டு, நான் தவமணி, என்னைத் தெரியும் என்று நீங்கள் சொல்லலாம் என்றேன். யாரும் வற்புறுத்தாமல் நீங்களாகத்தான் சொல்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதன் பின்புதான் தன் பெயரையும் கவுன்சலர் பதிவு எண்ணையும் கொடுத்தார். இன்ஸ்பெக்டரால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

வாக்குமூலம் எழுதக் கூப்பிடும் வரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். துஷ்யந்தி எனக்குக் குடிக்க மைலோ வாங்கப் போனாள். அதன் பின்பு மகன் கேட்டான்.

"அந்த ஆள்கிட்ட அப்பாவப் பத்தியா பேசுவீங்க?"

"ஆமா. மீனுல முள்ளு எடுக்கத் தெரியாதுன்னு சொன்னேன்."

"எனக்கும் தெரியாதும்மா. துஷ்யந்திதான் எடுத்துத் தர்றா."

அதன் பின்பு அவனே, சின்ன வயதில் அவன் அப்பா அவனைப் பேட்மின்டன் பார்க்கக் கூட்டிப்போய், அங்கே கத்திய கத்தலில் காவலாளி வந்து வெளியே அனுப்பிய கதையைச் சொன்னான். அது எனக்குத் தெரியாத கதை. அம்மாவிடம் சொல்லாதே என்றிருக்கிறார். சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. என் மகன் அழாதீங்கம்மா என்று சொல்லவில்லை. அவனும் அழுதான்.

எனக்கு யார் மீதும் குறை இல்லை. மகன் புகாரை மீட்டுக்கொள்கிறான். திரு. ஹாரிஸை இதற்கு மேல் தொந்தரவு செய்ய வேண்டாம் என்றும், இங்கே எடுத்து வைத்திருக்கும் என் போனை அடுத்த வியாழக்கிழமைக்குள் திருப்பித் தர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். இனிக் கதவைச் சாத்திக்கொள்வேன், பூட்ட மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை பாட வேண்டாம் என்று மகன் சொல்கிறான். கற்றுக்கொண்ட இரண்டையும் பாடத்தான் போகிறேன். வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

சார்ஜன் வாசித்துக் காட்டக் கேட்டேன். மேலே உள்ளது அத்தனையும் உண்மை. பொய் என்று நான் சொன்னது தேவார வகுப்பு ஒன்றுதான், அதுவும் மேலே எழுதப்பட்டிருக்கிறது.

(ஒப்பம்)
தவமணி ஐயாத்துரை