ஆறுதலாகச் சுடும் துவக்கு

"நீங்கள் ஒருக்காச் சுடுறதுக்குள்ள நாங்கள் தேத்தண்ணி குடிச்சிட்டு வந்திடலாம், அண்ணை," என்றார் கனடாவில் விட்பி போகும் ரயிலில் எனக்கு எதிரே இருந்த தொப்பிக்காரர், தன் பக்கத்தில் இருந்த நரைத்தவரிடம். "உங்கட பழைய மாதிரி ரிவோல்வருக்குச் சிலிண்டரை மட்டும் மாத்துங்கோ. இப்பத்தைய தோட்டாவே போடலாம். எங்கட சூட்டுக் கிளப்பில எல்லாரும் மாத்திட்டினம்."

நரைத்தவர் சிரித்தார். "எனக்கு வேண்டாம்."

"ஒவ்வொரு தரமும் வெடிமருந்து கொட்டி, குண்டை இடிச்சு இறுக்கி... சுட்டாலும் ஒரே புகை. குறியே தெரியாது."

"ஓம். புகை விலகும் மட்டும் அடுத்ததைச் சுடவும் ஏலாது."

"அதைத்தானே நானும் சொல்லுறன்!"

ரயில் ஒரு நிலையத்தில் நின்று புறப்பட்டது.

"சண்டைக் காலத்தில ஊரில நான் கண்டதெல்லாம் கெதியாச் சுடுற துவக்குகள், தம்பி," என்றார் நரைத்தவர். "என்ர துவக்கு ஆறுதலாச் சுடட்டும்."