அடுத்த நம்பர்

தென்னரசு: கடைசி வரிசை நாற்காலிய மட்டும் மடிச்சி வெச்சிடலாமாடா?

திருமுருகன்: எதுக்கு? இருக்கட்டும். வருவாங்க.

தென்னரசு: பத்து மணிக்குக் கூட்டம்னு போட்டோம். பதினொன்னர ஆவுது.

திருமுருகன்: நம்ம செட்டு எப்படா டைமுக்கு வந்திருக்குது? காலேஜிலயே மொத பீரியட் முடிஞ்சப்புறம்தான் வருவானுங்க.

தென்னரசு: அப்பிடி வந்தவன் நீ. அவங்க மேல போடாத.

திருமுருகன்: நான் இன்னா பண்றது? அனந்தபுரத்துலேர்ந்து பஸ்ஸு திண்டிவனம் வந்து சேரணும்ல? அது செஞ்சில நின்னு...

தென்னரசு: செஞ்சில நிக்கும். நீ எறங்கி போண்டா துன்னுவ. அங்க கிளாஸ்ல நான் கொரல மாத்திக்கினு உன் பேருக்கு "உள்ளேன் ஐயா" சொல்லிக்கினு இருப்பேன்.

திருமுருகன்: யார்ரா உன்ன சொல்லச் சொன்னது?

தென்னரசு: இங்கிலீஷ் எழுத்து வரிசைல எனுக்கு அடுத்த நம்பர் நீ. பக்கத்துல ஒக்கார்றவன் சொல்லாம வேற எவன் சொல்லுவான்?

திருமுருகன்: ஒரு நாளாவது மாட்னியாடா?

தென்னரசு: ஒரு நாளும் மாட்டல. சீனுவாசன் சாருக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினே சிரிச்சிக்கினு போயிடுவாரு.

பூமாலை: சார்... சாம்பாரு ஆறிக்கினு கீது. எல போட்டுடவா?

தென்னரசு: கொஞ்சம் இரும்மா பூமாலை. ரயில்ல வர்றவங்க இருப்பாங்க.

பூமாலை: ரயிலு எப்பவோ வந்து போயிடிச்சி சார். விழுப்புரம் ஜங்ஷன்தான் இந்த ஜன்னல்லயே தெரியுதே. வருசா வருசம் உங்க சங்கத்துக்கு நான்தான் ஆக்கறேன். எல பத்தாம அடுத்த தெருவுக்கு ஓடுவேன். இந்த வருசம் இன்னா சார், நீங்க ரெண்டு பேரு மட்டும் ஒக்காந்துக்கினு கீறீங்க?

திருமுருகன்: முகூர்த்த நாளும்மா. அதுவும் இல்லாம கடலக் கொல்லையில மல்லாட்ட புடுங்கற நேரம்.

தென்னரசு: மல்லாட்ட போன மாசமே புடுங்கியாச்சுடா.

திருமுருகன்: லேட்டா போட்டவங்க இருப்பாங்கல்ல.

தென்னரசு: தாசில்தாரு, டாக்டரு, பேங்க் மேனேஜரு... எல்லாரும் லேட்டா மல்லாட்ட போட்டாங்களா?

திருமுருகன்: சாம்பார மூடி வையிம்மா, ஆறிடப் போவுது.

தென்னரசு: நீ போம்மா. சொல்லி அனுப்பறேன்.

திருமுருகன்: சீனுவாசன் சாராவது வந்திருக்கலாம். நீதான வருசா வருசம் திண்டிவனம் போயி அவரக் கூட்டிக்கினு வருவ?

தென்னரசு: ம்... காலைல போனேன். முட்டி வலியாம். படி ஏற முடியலையாம்.

திருமுருகன்: அப்பிடியா... சொன்னாரு?

தென்னரசு: ஆமா. ஏன்?

திருமுருகன்: ஒன்னுமில்ல. வயசாயிடிச்சில்ல.

தென்னரசு: உன் போன் அடிச்சிக்கினே கீது. எடேன்.

திருமுருகன்: வூட்லேர்ந்துதான். எம் பொண்ணு கலைப்பிரியா கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கணும். மத்தியானத்துக்குள்ள திண்டிவனம் வரச் சொல்லிக்கினு கீறாங்க.

தென்னரசு: விழுப்புரத்துல இல்லாத ஜவுளியா?

திருமுருகன்: சம்பந்தி வூட்ல அங்கதான் வேணும்னாங்க.

தென்னரசு: பத்திரிக்க எப்படா வைக்கப் போற?

திருமுருகன்: இன்னும்... அடிக்கல.

தென்னரசு: அடுத்த மாசம் கல்யாணம்னு சொன்ன? சரி. சரி விடு.

திருமுருகன்: தலைவரே! சும்மா ஒக்காந்துக்கினு இருந்தா எப்பிடி? சங்க வரலாறு சொல்லு. கூட்டம்னா மொதல்ல வரலாறு. வழக்கத்த விடக்கூடாது.

தென்னரசு: யாருக்குச் சொல்றது? நாற்காலிக்கா?

திருமுருகன்: எனக்குச் சொல்லு.

தென்னரசு: உனக்குத் தெரியாததா? நம்ம செட்டு மலர்விழி கல்யாணத்துக்கு இரும்பை கிராமத்துக்குப் போனோம். எல்லாரும் ஒரே பந்தியில ஒக்காந்து துன்னோம். திரும்பி வரச்சொல்ல வேன் நின்னுடிச்சி. கோயில் கொளத்துப் படியில பொழுது சாயற வரைக்கும் ஒக்காந்துக்கினு இருந்தோம்.

திருமுருகன்: அங்கதான் நான் சொன்னேன், வருசத்துல ஒரு நாளு எல்லாரும் பாத்துக்கலாம்டான்னு.

தென்னரசு: சொன்னது நீ. கையால ஒவ்வொருத்தருக்கும் போஸ்ட்கார்டு எழுதனது நான்.

திருமுருகன்: செயலாளரு நீதான? நீதான் எழுதணும்.

தென்னரசு: ஆமா. செயலாளரா இருந்த வரைக்கும் யாருக்கும் ஒரு கொறையும் இல்ல. நாற்காலி தூக்குனேன். மைக்செட்டுக்காரன்கிட்ட சண்ட போட்டேன். புயல்ல காலேஜ் லைப்ரரி கூர பறந்துச்சே, அப்ப ஊறிப்போன புஸ்தகத்த மொட்ட மாடியில பரப்பி, பக்கம் பக்கமா பிரிச்சிக் காய வெச்சோமே... அன்னிக்கு எவனாவது கேட்டானா, நீ ஊரா காலனியான்னு?

திருமுருகன்: இப்ப மட்டும் யாரு கேட்டா?

தென்னரசு: யாரும் கேக்கலடா. வாயத் தொறந்து கேட்டாதான் தேவலையே. போன வருசம் நீ என் பேர முன்மொழிஞ்ச. எல்லாரும் கை தட்டுனீங்க, தலைவர்னு துண்டு போட்டீங்க. மறுநாளு காலைல வாட்ஸப்பத் தொறக்கறேன்... இவரு வெளியேறினாரு, அவரு வெளியேறினாரு. சாயங்காலம் வரைக்கும் அதேதான்.

திருமுருகன்: போன மாத்தியிருப்பாங்க.

தென்னரசு: ஒரே நாள்ல எல்லாருமா? வெண்ணிலாவ பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். அழுவறா. "நீங்க நல்லவருதான் தென்னரசு, உங்கள தலைவர்னு சொன்னா எங்க வூட்ல ஒத்துக்க மாட்டேங்கறாங்க"ன்னா. நல்லவன்னு சொல்லிட்டு அழுதா நான் இன்னாடா பதில் சொல்றது?

திருமுருகன்: உங்க ஆளுங்களாவது...

தென்னரசு: வந்தாங்க. கோலியனூருக்கு, எங்க வூட்டுக்கே வந்தாங்க. "அவங்க சங்கம் நமக்கு எதுக்குண்ணா, நாம தனியா ஆரம்பிப்போம், நீங்கதான் தலைவரு"ன்னாங்க. மாட்டேன்னேன். நம்ம சங்கம்னு ஒன்னு கீது, அதுலதான் இருப்பேன்னேன். அவங்களும் கோவிச்சிக்கினு போயிட்டாங்க.

திருமுருகன்: போயிருக்கலாம்ல நீ?

தென்னரசு: போயிருந்தா உன்ன எங்கடா பாக்கறது?

பூமாலை: சார், குறுக்க பேசறேன்னு நெனச்சிக்காதீங்க. அப்ப திண்டிவனத்துல நடக்கறது வேற சங்கமா?

திருமுருகன்: எது?

பூமாலை: எங்க நாத்தனாரு அங்க ஒரு மண்டபத்துல ஆக்கறா. உங்க காலேஜ் பேருதான் சொன்னா. கூட்டம் தாங்கலையாம், மறுபடியும் ஒல வெச்சிக்கினு...

திருமுருகன்: அது வேற செட்டும்மா! சின்னப் பசங்க. நீ போயி ரசத்தப் பாரு.

பூமாலை: சின்னப் பசங்களா? எல்லாம் நரச்ச தலைங்கன்னு சொன்னாளே...

தென்னரசு: போம்மா. எல எடுத்து வையி. வர்றோம்.

திருமுருகன்: டேய்... அது வந்து...

தென்னரசு: அட்டெண்டன்ஸ் எடுக்கலாமா?

திருமுருகன்: இப்பவா? சார் இல்லாமயா?

தென்னரசு: வழக்கத்த விடக்கூடாதுன்னு நீதான சொன்ன? பேரெல்லாம் எனுக்கு மனப்பாடம். நான் கூப்பிடறேன், நீ குடு. அம்சவள்ளி.

திருமுருகன்: ...உள்ளேன் ஐயா.

தென்னரசு: பொம்பள கொரல்ல சொல்லுடா.

திருமுருகன்: உள்ளேன் ஐயா! போதுமா?

தென்னரசு: மலர்விழி.

திருமுருகன்: உள்ளேன் ஐயா.

தென்னரசு: முத்துசாமி.

திருமுருகன்: உள்ளேன் ஐயா. போதும்டா, பேஜாரு பண்ணாத...

தென்னரசு: செல்வகுமார்.

திருமுருகன்: அவன்தான் கொரோனால போயிட்டானே.

தென்னரசு: போனவங்களுக்கும் குடுப்போம்ல வருசா வருசம்? எல்லாரும் எழுந்து நின்னு? எழுந்திரு.

திருமுருகன்: உள்ளேன் ஐயா.

தென்னரசு: பாத்தியா... செத்தவன்கூட வந்துட்டான்.

திருமுருகன்: அப்பிடிப் பேசாதடா.

தென்னரசு: தென்னரசு. உள்ளேன் ஐயா. அது நான். அடுத்து... திருமுருகன்.

திருமுருகன்: ...

தென்னரசு: திருமுருகன்.

திருமுருகன்: போன் அடிக்குது, இரு. அலோ... ஆங். தோ, கெளம்பிட்டேன். நான் வராம ஆரம்பிச்சிடாதீங்க... வர்றேன், வர்றேன், வையி.

தென்னரசு: ஜவுளிக் கடையில இன்னாடா ஆரம்பிப்பாங்க?

திருமுருகன்: தென்னரசு... போன வருசம் உன் பேர முன்மொழிஞ்சேன்ல? பங்காளிங்க அதையே புடிச்சிக்கினு கீறாங்க. அவங்க சொல்றபடி நடக்கலன்னா கலைப்பிரியா கல்யாணத்துக்குப் பந்தக்கால் நட ஒருத்தரும் வரமாட்டோம்னு வாசல்ல நின்னு சொல்லிட்டாங்க. பொண்ணப் பெத்தவன் நான்...

தென்னரசு: ஜவுளி எடுக்கப் போறவன் பந்தக்கால் கத எதுக்குப் பேசற? நேரமாவுது, போ.

திருமுருகன்: என்னைத் திட்டுடா. ஒரு வார்த்த திட்டிடு.

தென்னரசு: எதுக்கு? காலைலேர்ந்து என் பக்கத்துல ஒக்காந்துக்கினு இருந்ததுக்கா?

திருமுருகன்: அடுத்த வருசம் எல்லாம் சரியாப் பூடும்...

தென்னரசு: அடுத்த வருசம்லாம் இல்லடா. இதோட முடிஞ்சிது. சோத்த பூமாலைய விட்டு ஸ்டேஷனாண்ட கீறவங்களுக்குக் குடுத்துடச் சொல்லிட்டு, நாற்காலிய மடிச்சி வெச்சிட்டு, நானும் கெளம்பறேன்.

திருமுருகன்: இரு, ஒரு வாய் சாப்புட்டாவது போறேன். எல போடச் சொல்லு.

தென்னரசு: வேணாம். அங்க உனுக்கு எல போட்டு வெச்சிருப்பாங்க.

திருமுருகன்: எங்க?

தென்னரசு: சாருக்கு முட்டி நல்லாத்தான்டா கீது. நான் காலைல போனப்ப அந்த மண்டபத்துப் படியில மடமடன்னு ஏறிக்கினு இருந்தாரு. வாசல்ல பேனரு, புதுச் சங்கம்னு. தலைவர்னு போட்டு உன் போட்டோ, நல்லா சிரிச்சிக்கினு கீற. அங்கிருந்தே நேரா வூட்டுக்குப் போயிருக்கணும். நீ ஒருத்தன் இங்க வந்துடுவியோன்னுதான் வந்து நாற்காலி போட்டேன். வந்துட்ட, அது போதும். ஜல்தி போடா, மாலைய வெச்சிக்கினு காத்துக்கினு இருப்பாங்க. இங்க உன் பேருக்கு... நான் கொரல மாத்தி சொல்லிக்கறேன்.