வயலை வெள்ளமென்று காட்டிய போன்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டு, இரண்டு அரிசி ஆலை கட்டி நிறுத்தியவன் நான். கார் ஒர்க்‌ஷாப்பில் கிடந்ததால் தஞ்சாவூர் பழைய பஸ் ஸ்டாண்டில் டவுன் பஸ் ஏறினேன். விடாத மழை. ஊரைத் தாண்டி வயல் வந்ததும், முன்சீட்டில் இருந்த இரண்டு கல்லூரிப் பெண்களில் ஒருத்தி மற்றவளிடம் சொன்னாள்:

"நாம செஞ்ச போன் ஆப்பைப் பாத்தா, இந்த பஸ் இப்ப வெள்ளத்துக்கு நடுவுல போகுதுடி."

காதைத் தீட்டிக்கொண்டேன்.

"தெருவுல எங்க தண்ணி நிக்குதுன்னு காட்டத்தானே செஞ்சோம், நஸ்ரின்?"

"அரசாங்கம் எல்லாருக்கும் பொதுவா வச்சிருக்கிற சாட்டிலைட் படத்தை எடுத்தோம்ல? அது நடவு வயல் தண்ணியையும் வெள்ளம்னு எடுத்துக்குது."

"வெளங்கிரும்! தஞ்சாவூர்ல பொறந்துட்டு, வயல்ல தண்ணி நிக்கும்னு நமக்குத் தோணல பாரு. காலேஜ் போனதும் சார்கிட்ட காட்டணும். வயல் பக்கத்தை மறைச்சிருவோமா?"

"எங்க தெருவும் வயல் பக்கந்தாண்டி. இப்ப வெள்ளம்னு செகப்பா காட்டுது. அது வயலா, நெஜமாவே தெருவா?"

"அம்மாவுக்கு போன் போடு. ஆப் அவங்ககிட்டயும் இருக்குல்ல."

நஸ்ரின் பேசினாள். "அம்மா, போன்ல எங்க ஆப் அலாரம் அடிக்கலையா?" பதிலைக் கேட்டதும் சட்டென்று எழுந்தாள்.

"தண்ணி வீட்டுக்குள்ள வந்துருச்சாம். அண்ணே, பஸ்ஸை நிறுத்துங்க!"

"அடியே, சார் ஆப்பைப் பத்திக் கேட்டா நான் என்ன சொல்ல?"

"தெனமும் பொய்யா கத்துதுன்னு எங்கம்மா நேத்தே அழிச்சிட்டாங்களாம். அதைச் சொல்லு."