நாலு ஃபோட்டோவும் ஒரு நிறைசினை மாடும்: செயலாளர் அமுதவள்ளி அம்மையாருக்கு

படிவத்தில் பிழை பொறாப் பெருமாட்டியே! முத்திரை மங்கினால் முகம் சுளிக்கும் மூத்தவரே! மட்டாஞ்சேரியில் எங்கள் பால் சங்கத்தின் செயலாளர் நாற்காலியில் முப்பத்தோராண்டு முதுகு சாயாமல் அமர்ந்து, எங்கள் முதுகையும் சாயவிடாத அமுதவள்ளி அம்மையாரே! வணக்கம், சற்றே பெருமூச்சுடன்.

நேரம் தவறாதவர், நெறியில் நூலிழையும் நெகிழாதவர், நேற்று வந்த கடிதத்துக்கு நேற்றே பதில் எழுதியவர் தாங்கள். தங்கள் பொறுமையைப் புகழ்வதே மரபு. எங்கள் பொறுமையை யார் புகழ்வது? ஆகவே, இரண்டையும் ஒருசேரச் சோதித்த அந்த நிவாரண வாரத்தைச் சொல்லிவிடுகிறோம்.

பெருந்தொற்றுக் காலம். தோப்பும்படித் துறைமுகம் அடைத்து, சாயாக்கடைகள் சாத்தி, சுள்ளிக்கல் வீரபாண்டியின் ஐந்து மாட்டுப் பால் கேட்பாரற்றுக் கிடந்தது. தீவனத்துக்கு வழியில்லை. நிறைசினையாய் நின்ற செவலையைத் தரகர் அப்புவுக்கு வெள்ளிக்கிழமை தருவதாகச் சொல்லிவிட்டான். சொன்ன நாள்முதல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மாடு வளர்ப்போருக்கு அரசு அறிவித்த நிவாரணம் ஒன்றே கதி. அதற்குத் தாங்கள் ஒப்பமிட்ட படிவம் வேண்டும். படிவத்தில் மாட்டோடு ஆள் நிற்கும் படம் வேண்டும்.

திங்களன்று கொண்டுவந்தான்.

“மாஸ்க் போட்டிருக்கியேப்பா, இது நீதான்னு யார் சொல்றது?”

“மாடு சொல்லும்க்கா.”

“மாட்டுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமா?”

செவ்வாயன்று முகம் திறந்து நின்றான். “மாஸ்க் இல்லாம நின்னு, அதை ஃபோட்டோவும் புடிச்சு, அரசாங்கத்துக்கே அனுப்புறியா? கேஸ் போட்டுருவான்” என்றீர்கள். புதனன்று காலையில் பிளாஸ்டிக் முகத்தடுப்பு. வெயில் பட்டு முகம் இருந்த இடத்தில் வெளிச்சம்தான் இருந்தது. “இது யாரு, சாமியா?” என்றீர்கள். மாலையில் நாலாவது படம். அதில் செவலையின் காதில் மாட்டிய எண் தெரியவில்லை.

“செவலைக்கு மாஸ்க் கட்டிட்டு நான் சும்மா நிக்கட்டாக்கா?” என்றான் வீரபாண்டி. சிரிப்பு வரவில்லை அவனுக்கு.

எழுத்தர் ஷபானா தாங்காமல், “சேச்சி, அப்படியே அனுப்பிடலாம். மேல யாரும் பார்க்க மாட்டாங்க” என்றாள். “பார்க்கிறவன் ஒருத்தன் இருந்துட்டா? கட்டோட திரும்பி வரும், இவனுக்கு ஒரு மாசம் போயிடும்” என்று கண்ணாடியைத் துடைத்தீர்கள். நியாயம்தான், அந்த நியாயத்தைக் கேட்டு எங்களுக்குப் பல் நறநறத்தது.

வியாழனன்று முதலிரண்டு படங்களையும் அருகருகே ஒட்டி, இரண்டிலும் நிற்பவர் ஒருவரே என்று தங்கள் கையாலேயே சான்றெழுதி அனுப்பினீர்கள். அதைச் செவ்வாயன்றே செய்திருக்கலாகாதா, தாயே!

வெள்ளியன்று அப்பு வண்டியோடு வந்துவிட்டார். ஊரடங்கில் மாட்டை ஏற்றிச்செல்ல நம் சங்கத்தின் சீட்டு வேண்டும். வாசலில் வீரபாண்டி தலைகுனிந்து நின்றான்.

“மாட்டை வாங்குறவரு மாட்டோட நிக்கிற ஃபோட்டோ எங்கே?” என்று அப்புவைக் கேட்டீர்கள்.

“மாடு இன்னும் வாங்குறவர்கிட்ட போகலையே சேச்சி!”

“போனப்புறம் எடுத்துட்டு வாங்க, சீட்டு தர்றேன்.”

“சீட்டு இல்லாம மாடு எப்படிப் போகும்?”

“அதைத்தான் நானும் கேக்கறேன்.”

ஒன்பது நாள் அலைந்தார் அப்பு. பத்தாம் நாள் நிவாரணம் வந்தது. செவலை வீரபாண்டியின் கொட்டிலிலேயே கன்று ஈன்றது. மனமறிந்து செய்தீர்களா, வழக்கம்போலச் செய்தீர்களா? கேட்டதற்கு, “விதி அப்படித்தான்” என்றீர்கள். அந்த விதியை ஷபானா இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறாள்.

இம்மடலுக்கு ஒரு வரி கேட்டு வீரபாண்டியிடம் போனோம். “அந்த அக்காவாலதான் நாலு நாள் நாயா அலைஞ்சேன். அந்த அக்காவாலதான் மாடும் நிக்குது. திட்டுறதா கும்புடுறதான்னு நீங்களே முடிவு பண்ணி எழுதிக்குங்க” என்றான்.

ஆண்டுகள் கடந்தும் எங்களாலும் முடிவு செய்ய இயலவில்லை. முடிவாகும் வரை, முழங்கால் நோகாமல், முகம் வாடாமல், நூறாண்டும் அதற்கு மேலும் தாங்கள் வாழ்ந்தே ஆகவேண்டும்!

பெருமூச்சும் பேரன்பும் குறையாத
சங்கப் பணியாளர்கள்
மட்டாஞ்சேரி